கேவின் கம்போசிட்டிங் நிரலில் கை வைக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பின் விண்டோ மேனேஜருக்குப் பெயர் கேவின். அதன் கம்போசிட்டிங் பகுதிக்கு அவ்வப்போது சின்னத் திருத்தங்கள் அனுப்புகிறவன் நான். பெரிய ஆள் இல்லை. ஆனால் "அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன், தலை சுற்றுகிறது" என்று வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உங்களுக்கு சி++ தெரியும், லினக்ஸ் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். கிராஃபிக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கம்போசிட்டிங்னா என்ன? விண்டோவை நகர்த்துவது, மூடுவது எல்லாம் அதுதானா?

இல்லை. நகர்த்துவது, மூடுவது, எது மேலே எது கீழே என்று முடிவு செய்வது எல்லாம் விண்டோ மேனேஜ்மென்ட். அப்படி முடிவான விண்டோக்களின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிழல் சேர்த்து, திரைக்கு ஒரே படமாக அனுப்புவதுதான் கம்போசிட்டிங்.

எக்ஸ் (எக்ஸ்11) என்பது செயலிகளுக்கும் திரைக்கும் நடுவில் நிற்கும் பழைய டிஸ்ப்ளே சர்வர். அதன் பழைய காலத்தில் இது கிடையாது. ஒவ்வொரு செயலியும் நேரே திரையிலேயே வரையும். ஒரு விண்டோவை இன்னொன்றின் மேல் இழுத்தால் கீழே இருந்தது அழிந்துவிடும்; "உன் பகுதி தெரிகிறது, திரும்ப வரை" என்று கீழே இருக்கும் செயலிக்குச் செய்தி போகும். அந்தச் செயலி தொங்கிப்போயிருந்தால், இழுத்த விண்டோவின் தடம் திரை முழுக்க அப்பிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

விண்டோ மேனேஜரும் கம்போசிட்டரும் ஒரே நிரலில் ஏன்? தனித்தனியாக இருந்தால் சுத்தமாக இருக்குமே?

தனியாகவும் இருந்திருக்கிறது. எக்ஸ்11-க்கு கம்போசிட், டேமேஜ், எக்ஸ்ஃபிக்ஸஸ் ஆகிய நீட்சிகள் 2004 செப்டம்பரில் எக்ஸ்.ஆர்க் 6.8-உடன் வந்தன. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட கீத் பேக்கார்ட் எழுதிய எக்ஸ்காம்ப்மெகர் வெறும் கம்போசிட்டர் மட்டுமே. அதிலிருந்து காம்ப்டன், காம்ப்டனிலிருந்து 2019-இல் பெயர் மாறிய பிகாம் என்று அந்தக் குடும்பம் இன்றும் ஓடுகிறது. ஓபன்பாக்ஸ், ஐ3 போன்ற கம்போசிட்டிங் இல்லாத விண்டோ மேனேஜர்களைப் பயன்படுத்துகிறவர்கள் பிகாமைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

சிக்கல் எங்கே என்றால், தனியாக இருக்கும் கம்போசிட்டருக்கு விண்டோ மேனேஜரின் மனசு தெரியாது. ஒரு விண்டோ சின்னதாகிறது என்றால் பயனர் மினிமைஸ் செய்தாரா, வேறு டெஸ்க்டாப்புக்குப் போனாரா, மூடினாரா என்று ஊகிக்கத்தான் வேண்டும். அனிமேஷன் ஒவ்வொன்றுக்கும் இந்த ஊகம் தேவைப்படும். கேவின் 2008 ஜனவரியில் கேடிஇ 4.0-உடன் கம்போசிட்டிங்கைத் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் இந்தக் கேள்வியே எழாது: அங்கே விண்டோ மேனேஜர், கம்போசிட்டர், டிஸ்ப்ளே சர்வர் மூன்றும் ஒரே ஆள்.

சரி, எக்ஸ்11-இல் ஒரு ஃப்ரேமுக்கு என்னென்ன நடக்கிறது? வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் கேவின் எக்ஸ் சர்வரிடம் "இனி எல்லா விண்டோக்களும் திரைக்குப் போக வேண்டாம், தனித்தனி நினைவகத்தில் வரையட்டும்" என்று சொல்லிவிடும். இந்த வேலையை ஒரே நேரத்தில் ஒருவர்தான் செய்யலாம். கேவின் ஓடும்போதே பிகாமையும் ஓடவிட்டால் இரண்டாவது ஆள் மறுத்துவிட்டு வெளியேறுவது இதனால்தான். அப்புறம் ஒவ்வொரு விண்டோவுக்கும் அந்த நினைவகத்தின் கைப்பிடியைக் கேட்டு வாங்கும், அதுதான் பிக்ஸ்மேப். அந்த பிக்ஸ்மேப்பை ஓபன்ஜிஎல் (ஜிபியுவைக் கொண்டு வரையும் இடைமுகம்) டெக்ஸ்ச்சராக, அதாவது ஜிபியு வரையப் பயன்படுத்தும் படமாகக் கட்டிக்கொள்ளும்.

ஒரு விண்டோ தன் உள்ளடக்கத்தை மாற்றினால் "இந்தச் செவ்வகம் மாறியது" என்று டேமேஜ் செய்தி வரும். கேவின் அதைச் சேர்த்து வைத்து, அடுத்த ஃப்ரேமுக்கு நேரம் வரும்போது மாறிய பகுதியை மட்டும் வரைந்து, எல்லா விண்டோவுக்கும் மேலே இருக்கும் ஓவர்லே விண்டோவில் போடும்.

இதில் ஒரு நெளிவு இருக்கிறது. விண்டோவின் அளவை மாற்றினால் எக்ஸ் சர்வர் பழைய பிக்ஸ்மேப்பை விட்டுவிட்டுப் புதியது ஒன்றை ஒதுக்கும். நம் கையில் இருப்பது பழசு. புதியதைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். நாம் கேட்பதற்கும் பதில் வருவதற்கும் நடுவில் விண்டோ மூடியிருக்கலாம், மறுபடி அளவு மாறியிருக்கலாம். இதைக் கடைசிக் கேள்வியில் திரும்பப் பார்ப்போம்.

வேலண்டில் இது எல்லாம் போய்விடுமா?

பிக்ஸ்மேப் துரத்தல் போய்விடும். செயலி தானே ஒரு பஃபரில் வரைந்து, "இது என் அடுத்த படம், அளவு இது, மாறிய பகுதி இது" என்று எல்லாவற்றையும் ஒரே கமிட்டில் கையில் கொடுக்கும். பாதி அளவு பழசு, பாதி படம் புதுசு என்ற நிலைமை வராது.

அதற்குப் பதில் வேறு பாரம் வந்து சேரும். திரையின் ரெசல்யூஷன், மவுஸ் அம்பு, ஸ்க்ரீனைத் தூங்க வைப்பது எல்லாம் முன்பு எக்ஸ் சர்வர் பார்த்துக்கொண்டது. இப்போது கேவின் நேரடியாகக் கெர்னலிடம் பேச வேண்டும். முன்பு கேவின் செத்தாலும் செயலிகள் உயிரோடு இருக்கும். வேலண்டில் கேவின் விழுந்தால் இணைப்பே அறுந்துவிடும். மீள வழி செய்யும் வேலைகள் நடந்திருக்கின்றன, ஆனால் கம்போசிட்டிங் நிரலில் ஒரு நல் பாயிண்டருக்கு முன்பைவிட விலை அதிகம்.

நிரல் ஏன் இவ்வளவு கோணல்மாணலாக இருக்கிறது? யாரும் ஒழுங்காக எழுதவில்லையா?

எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். கோணல் வந்த விதம் வேறு. 2008-இல் இருந்த கிராஃபிக்ஸ் டிரைவர்களை நினைத்துப் பாருங்கள்: ஒன்றில் டெக்ஸ்ச்சர் அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், இன்னொன்றில் திரைப் புதுப்பிப்புக்குக் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்காது, மற்றொன்றில் ஷேடர் (ஜிபியுவில் ஓடும் சின்ன நிரல்) தொகுத்தால் விழுந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இஃப். அதன்மேல் ஓபன்ஜிஎல், எக்ஸ்ரெண்டர், அப்புறம் க்யூபெயின்டர் என்று வரையும் வழிகள் (பேக்கெண்டுகள்). அதன்மேல் எக்ஸ்11-க்காக எழுதிய அடித்தளத்தில் வேலண்டைச் செருகியது.

ஆக அசிங்கமாகத் தெரியும் வரிகளில் கணிசமானவை யாரோ ஒருவரின் மடிக்கணினியில் வந்த ஒரு பிழைக்கான மருந்து. அந்த மடிக்கணினி இன்று உலகத்தில் இருக்கிறதா என்பதுதான் ரீஃபேக்டர் செய்கிறவர் தேட வேண்டிய முதல் விஷயம். பல நேரம் இருக்காது. அப்போது தைரியமாக எடுக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று தேடாமலே எடுப்பதுதான் வம்பு.

2021-இல் கம்போசிட்டிங்கை மாற்றி எழுதினார்கள் என்கிறார்களே, என்ன செய்தார்கள்?

2021 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 5.21-ஐச் சொல்கிறார்கள். அதுவரை "எப்போது வரைவது", "எதை வரைவது", "எப்படி வரைவது" மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தன. எப்போது என்பதைப் பிரித்து ரெண்டர்லூப் என்ற வகுப்புக்குள் வைத்தார்கள். வேலண்டில் ஒவ்வொரு திரைக்கும் தனி ரெண்டர்லூப். அதனால்தான் ஒரு திரை 144 ஹெர்ட்ஸிலும் பக்கத்துத் திரை 60 ஹெர்ட்ஸிலும் தங்கள் தங்கள் வேகத்தில் ஓட முடிந்தது. எக்ஸ்11-இல் எல்லாத் திரைக்கும் சேர்த்து ஒரே ஓவர்லே விண்டோ, ஒரே தாளம்.

அதற்கு அடுத்து "எதை" என்பதைக் கையில் எடுத்தார்கள். முன்பு விண்டோவின் நிழல், தலைப்புப் பட்டை, உள்ளடக்கம் எல்லாம் வரையும் நேரத்தில் ஒரே நாற்கோணப் பட்டியலாகக் கொட்டப்படும். இப்போது ஒவ்வொன்றும் ஓர் ஐட்டம். மரம் போலத் தாய் ஐட்டம், பிள்ளை ஐட்டம். உலாவிக்குள் ஓடும் வீடியோ தனி சப்சர்ஃபேஸாக (விண்டோவுக்குள் ஒட்டிய இன்னொரு படமாக) வந்தால் அதுவும் ஒரு பிள்ளை ஐட்டம்தான். எது மாறியது என்பதை அந்த ஐட்டமே வைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், இந்த மூன்று கேள்விகளைப் பிரித்ததுதான் அந்த வேலையின் சாரம். புதிதாக வருகிறவர்கள் ஒரு ஃபங்ஷனைத் திறந்தவுடன் "இது மூன்றில் எதற்குப் பதில் சொல்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்குச் சொன்னால், வெட்ட வேண்டிய இடம் அதுதான்.

60 ஹெர்ட்ஸ் என்றால் 16 மில்லிவினாடிக்கு ஒரு டைமர் வைத்தால் போச்சு. இதற்கு எதற்கு ஒரு வகுப்பு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.67 மில்லிவினாடி. டைமர் 16. ஒவ்வொரு ஃப்ரேமிலும் 0.67 முந்திக்கொண்டே போகும். 25 ஃப்ரேமில் ஒரு முழு ஃப்ரேம் அளவு விலகிவிடும். அதாவது வினாடிக்கு இரண்டு மூன்று முறை ஒரு சின்ன விக்கல். வீடியோ பார்க்கிறவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். போதாதற்குத் திரைகள் பெரும்பாலும் சரியாக 60-இல் ஓடுவதில்லை, 59.94, 59.95 என்றெல்லாம் இருக்கும்.

ஆகவே திரை "நான் இப்போது புதுப்பித்தேன்" என்று சொல்லும் நேரத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த கேள்வி, அந்த இடைவெளிக்குள் எப்போது தொடங்குவது? புதுப்பித்த உடனே தொடங்கினால் நிம்மதி, நிறைய நேரம் கிடைக்கும். ஆனால் 2 மில்லிவினாடி கழித்து டெர்மினலில் நீங்கள் தட்டிய எழுத்து வந்தால் அது அடுத்த பஸ்ஸுக்குத்தான். கடைசி நிமிடத்தில் தொடங்கினால் எழுத்து ஏறிவிடும், ஆனால் வரைந்து முடிப்பதற்குள் பஸ் போய்விடலாம். அப்புறம் 33 மில்லிவினாடிக்கு ஒரே படம் நிற்கும். ரெண்டர்லூப் முந்தைய ஃப்ரேம்கள் எவ்வளவு நேரம் எடுத்தன என்று குறித்து வைத்து, அதிலிருந்து மதிப்பிட்டு, முடிந்த அளவு தாமதமாகத் தொடங்கும். 5.21-இல் "தாமதம் குறைய வேண்டுமா, அசைவு வழவழப்பாக இருக்க வேண்டுமா" என்று பயனரிடமே கேட்கும் ஓர் அமைப்பு வந்தது இதற்காகத்தான்.

டேமேஜ் புரிகிறது. பஃபர் ஏஜ் எவ்வளவு படித்தும் மண்டையில் ஏறவில்லை.

திரைக்கு ஒரே ஒரு பஃபர் கிடையாது, குறைந்தது இரண்டு. ஏ திரையில் தெரியும்போது பி-யில் வரைவோம், பிறகு மாற்றிப்போடுவோம். இரண்டிலும் கடிகாரம் 10:04 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது ஃப்ரேம்: கடிகாரம் 10:05 ஆகிறது. கடிகாரப் பகுதியை மட்டும் ஏ-யில் வரைகிறோம். பதினொன்றாவது ஃப்ரேம்: எடிட்டரில் கர்சர் சிமிட்டுகிறது. கர்சர் பகுதியை மட்டும் பி-யில் வரைகிறோம். பி-யை மாற்றிப்போட்டால் கடிகாரம் 10:04-க்குத் திரும்பிவிடும்! ஏனென்றால் பி ஒன்பதாவது ஃப்ரேமின் படம். பத்தாவதில் நடந்தது அதற்குத் தெரியாது. அடுத்த சிமிட்டலில் ஏ வரும், 10:05. அப்புறம் பி, 10:04. கடிகாரம் முன்னும் பின்னும் துடித்துக்கொண்டிருக்கும்.

பஃபர் ஏஜ் என்பது "உன் கையில் கொடுக்கும் பஃபர் எத்தனை ஃப்ரேம் பழசு" என்று டிரைவர் சொல்லும் எண். 2 என்றால் இந்த ஃப்ரேமின் டேமேஜோடு முந்தைய ஃப்ரேமின் டேமேஜையும் சேர்த்து வரைய வேண்டும். 3 என்றால் முந்தைய இரண்டையும். 0 என்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று உத்தரவாதம் இல்லை, முழுவதையும் வரை. கேவினில் இந்தப் பழைய டேமேஜ் கணக்கை வைத்திருப்பது டேமேஜ்ஜர்னல் என்ற சின்ன வகுப்பு. ரீஃபேக்டர் செய்கிறவர்கள் இங்கே செய்யும் வழக்கமான தவறு, ஏதோ காரணத்தால் வரையாமல் விட்ட ஃப்ரேமையும் ஜர்னலில் சேர்த்துவிடுவது, அல்லது வரைந்ததைச் சேர்க்க மறப்பது. மேலே சொன்ன கடிகாரத் துடிப்பைப் பார்த்தால் முதலில் இங்கே தேடுங்கள்.

முழுத் திரையையும் ஒவ்வொரு முறையும் வரைந்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? இப்போதுதான் ஜிபியு வேகமாக இருக்கிறதே?

4கே திரைக்கு ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு ஃப்ரேம் 33 மெகாபைட். வினாடிக்கு 60 என்றால் 2 கிகாபைட், அதுவும் ஒரே அடுக்கை ஒருமுறை எழுதுவதற்கு மட்டும். பின்புலப் படம், இரண்டு விண்டோ, பேனல் என்று அடுக்கினால் அதன் மடங்குகள். கர்சர் சிமிட்டுவதற்காக இவ்வளவு நகர்த்தினால் மடிக்கணினி பேட்டரி உங்களைத் திட்டும். பிழை தேடும்போது மட்டும் முழுவதும் வரையச் செய்து பாருங்கள். பிழை மறைந்துவிட்டால் அது டேமேஜ் கணக்கில்தான் இருக்கிறது என்று உறுதியாகிவிடும்.

பிளர் எஃபெக்டைத் தொட்டாலே ஏன் எல்லாம் உடைகிறது?

ஏனென்றால் டேமேஜ் கணக்கின் அடிப்படை நம்பிக்கையையே அது மீறுகிறது. சாதாரணமாக ஒரு பிக்சல் மாறினால் அந்த பிக்சலை வரைந்தால் போதும். அடியில் இருப்பதை மங்கலாக்கிக் காட்டும் பிளரில் ஒரு பிக்சல் தன் அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் அத்தனையையும் கலந்து வருவது. அடியில் டெர்மினலில் ஓர் எழுத்து மாறினால், மேலே இருக்கும் கண்ணாடிப் பேனலில் அந்த எழுத்தைச் சுற்றி வெகுதூரம் வரை எல்லாமே மாறும்.

சரி, டேமேஜைப் பிளர் ஆரத்துக்கு விரித்துவிட்டால் போதுமா என்றால் போதாது. விரித்த ஓரத்தில் இருக்கும் பிக்சலைக் கணக்கிட அதற்கும் வெளியே உள்ள பிக்சல்கள் வேண்டும். பஃபரில் அந்த இடத்தில் இருப்பது சென்ற முறை வரைந்த பேனல், ஏற்கனவே மங்கலாக்கியது. அதை எடுத்துத் திரும்ப மங்கலாக்கினால் ஓரங்களில் கறை படியும். அதனால் பிளர் பகுதியில் டேமேஜ் பட்டால் அதன் அடியில் உள்ளதையெல்லாம் சேர்த்து முழுசாகத் திரும்ப வரைய வேண்டியிருக்கிறது. கண்ணாடி பேனல் பிடிக்கும் என்கிறவர்கள் இந்த விலையைத்தான் கொடுக்கிறார்கள். (நான் அணைத்து வைத்திருக்கிறேன்.)

நான் எழுதிய எஃபெக்ட் ஒவ்வொரு பிளாஸ்மா வெளியீட்டிலும் உடைகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?

சி++ எஃபெக்ட் என்றால், ஆமாம், தெரிந்தேதான். எஃபெக்டுகள் ஒரு சங்கிலி: ஒவ்வொன்றும் ஃப்ரேமுக்கு முன், ஃப்ரேமில், ஃப்ரேமுக்குப் பின் என்று மூன்று இடத்தில் எட்டிப் பார்த்து அடுத்ததற்குக் கைமாற்றும். அவை கேவினின் உள்ளுறுப்புகளைத் தொடுகின்றன. அந்த இடைமுகத்தை உறைய வைத்தால் மேலே சொன்ன ஐட்டம் மரம் போன்ற எதையும் செய்திருக்க முடியாது. அதனால் எஃபெக்ட் ஏற்றும்போது பதிப்பு எண்ணைப் பார்த்து, பொருந்தாவிட்டால் கேவின் ஏற்றாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் திரும்பத் தொகுக்க வேண்டும்.

மங்குவது, நகர்வது, பெரிதாவது போன்றவை மட்டும் போதுமானால் ஜாவாஸ்கிரிப்ட் எஃபெக்டாக எழுதுங்கள். அது ரொம்ப நாள் தாங்கும்.

பழைய பேக்கெண்டை எப்போது தூக்கிப் போடலாம்? அதை நம்பி இருக்கிறவர்கள் பாவமில்லையா?

பாவம்தான். ஆனால் கேவினிலிருந்து எக்ஸ்ரெண்டர் பேக்கெண்ட் 2021-இல் போனதால்தான் அந்த ரீஃபேக்டர் வேகம் எடுத்தது என்பது என் எண்ணம். புதிதாக எதைச் செய்தாலும் அதை எக்ஸ்ரெண்டரிலும் செய்ய வேண்டும் அல்லது "அங்கே இல்லை" என்று ஓர் இஃப் போட வேண்டும். யாரும் சோதிக்காத பாதை அது. இருக்கிறது என்ற பெயர் மட்டும்.

இன்னொரு உதாரணம் என்விடியாவின் இஜிஎல்ஸ்ட்ரீம்ஸ். மற்ற டிரைவர்கள் ஜிபிஎம் என்ற வழியில் பஃபர் ஒதுக்க, என்விடியா மட்டும் தனி வழியில் போனது. 2019-இல் பிளாஸ்மா 5.16-இல் அதற்கான பேக்கெண்டை என்விடியா தரப்பிலிருந்தே எழுதிக் கொடுத்தார்கள். 2021 அக்டோபரில் 495 வரிசை டிரைவரில் ஜிபிஎம் வந்ததும் தேவை தீர்ந்தது, அடுத்த ஆண்டே அந்த நிரல் வெளியேறியது. நீக்குவதற்கு நல்ல தருணம் இதுதான்: மாற்று வந்துவிட்டது, கொஞ்ச நாள் புழங்கியும்விட்டது.

மொத்தத்தையும் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதினால் என்ன?

தோன்றாதவர் கிடையாது. பிகாமில் ஏறக்குறைய செய்தார்கள், ஆனால் செய்த விதத்தைக் கவனியுங்கள். புதிய பேக்கெண்டுகளைப் பழையவற்றின் பக்கத்திலேயே எழுதி, "சோதனை பேக்கெண்டுகள்" என்ற சுவிட்சின் பின்னால் வைத்தார்கள். விரும்பியவர்கள் போட்டுப் பார்த்துப் பிழை சொன்னார்கள். சில வெளியீடுகள் கழித்து, புதியது இயல்பாகி, பழையதற்குச் சுவிட்ச் வந்தது. இடையில் இரண்டையும் பராமரிக்கும் சுமை இருந்தது. ஆனால் பயனர் ஒருநாள்கூட வண்டி இல்லாமல் நிற்கவில்லை.

வேலண்ட் கம்போசிட்டரான ஸ்வேயைப் பாருங்கள். அது சாய்ந்திருக்கும் டபிள்யூஎல்ரூட்ஸ் நூலகத்தில் சீன் கிராஃப் (மேலே சொன்ன ஐட்டம் மரம் போன்றது) 0.15 பதிப்பில், 2021 டிசம்பரில் வந்தது. ஸ்வே முழுவதும் அதற்கு மாறியது 2024 அக்டோபரில் வந்த 1.10-இல். நூலகம் தயாராகியும் ஏறக்குறைய மூன்று வருடம். உங்கள் இரண்டு வார விடுமுறையில் முடியும் என்று தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோவின் டிஸ்ட்ரக்டரில் டெக்ஸ்ச்சரை அழித்தேன். வேறு எங்கோ ஒரு பட்டனின் படம் காணாமல் போகிறது! எப்படி?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு ஓர் அல்ப சந்தோஷம், ஏனென்றால் நானும் இதில் இரண்டு நாள் தொலைத்தவன். ஓபன்ஜிஎல்லில் டெக்ஸ்ச்சர் என்பது வெறும் எண். 7 என்று சொன்னால், இப்போது எந்த கான்டெக்ஸ்ட் (ஓபன்ஜிஎல் பொருள்கள் வாழும் தொகுப்பு) நடப்பில் இருக்கிறதோ அதன் 7. வரையும் நேரத்தில் கேவினின் கான்டெக்ஸ்ட் நடப்பில் இருக்கும். டிஸ்ட்ரக்டர் எப்போது ஓடும்? விண்டோ மூடிய செய்தி வந்த எந்த நேரத்திலும். அதற்குச் சற்று முன் க்யூட் (கேவின் பயன்படுத்தும் இடைமுக நூலகம்) தன் சொந்த கான்டெக்ஸ்டில் எதையாவது வரைந்திருந்தால், நடப்பில் இருப்பது க்யூட்டுடையது. நீங்கள் அழித்த 7 அவர்களுடைய 7. உங்களுடைய 7 அங்கேயே நினைவகத்தைத் தின்றுகொண்டு கிடக்கும்.

ஆகவே ஜிஎல் பொருளை அழிக்கும் முன் நம் கான்டெக்ஸ்டை நடப்பாக்க வேண்டும். "இந்த மேக்கரண்ட் அழைப்பு எதற்கு, இங்கே வரையவே இல்லையே" என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். ரீஃபேக்டரில் அடிக்கடி பலியாகும் வரி இது.

மூடிய விண்டோ மங்கி மறைகிறதே, அப்போது அந்தப் பொருள் யாருடையது?

செயலியைப் பொறுத்தவரை விண்டோ போய்விட்டது; எஃபெக்டைப் பொறுத்தவரை இன்னும் கால் வினாடி வாழ வேண்டும். வெகுகாலம் கேவின் இதற்கு டெலீட்டட் என்று ஒரு தனி வகுப்பே வைத்திருந்தது. மூடும்போது விண்டோவின் குணங்களை அதில் பிரதி எடுத்துப் பழையதை அழித்துவிடும். புதிதாக ஒரு குணம் சேர்த்தால் பிரதியிலும் சேர்க்க வேண்டும். மறந்தால் மூடும்போது மட்டும் நிழல் இருக்காது, அல்லது இடம் தவறும். பிளாஸ்மா 6-இல் அந்த வகுப்பு இல்லை. விண்டோ பொருளே எண்ணிக்கை வைத்து, கடைசி எஃபெக்ட் விடும்வரை உயிரோடு இருக்கும். எனக்குப் பிடித்த ரீஃபேக்டர் இதுதான். வரிகள் குறைந்தன, ஒரு வகைப் பிழையே ஒழிந்தது.

திரையைக் கண்ணால் பார்த்தால்தானே சரியா தப்பா என்று தெரியும்? டெஸ்ட் எப்படி எழுதுவது?

கேவினுக்குத் திரையே இல்லாமல் ஓடும் வர்ச்சுவல் பேக்கெண்ட் உண்டு. தானியங்கிச் சோதனைகள் அதில்தான் ஓடுகின்றன. அவை பெரும்பாலும் விண்டோவின் இடம், அளவு, வரிசை, புரோட்டோகால் சரியா என்று பார்ப்பவை. பிக்சல் சரியா என்பதற்கு இன்னும் கண்தான். அதற்கு மூன்று வழி வைத்திருக்கிறேன். ஓடும் அமர்வுக்குள்ளேயே இன்னொரு கேவினை ஒரு விண்டோவாக ஓடவிடுவது; விழுந்தாலும் வேலை போகாது. ஷோ பெயின்ட் எஃபெக்டைப் போட்டு, எந்தப் பகுதி ஒவ்வொரு முறையும் திரும்ப வரையப்படுகிறது என்று வண்ணத்தில் பார்ப்பது. கடிகாரம் மாறும்போது திரை முழுக்க வண்ணம் மாறினால் எங்கோ டேமேஜ் வீங்கியிருக்கிறது. மூன்றாவது, ஜிபியு இல்லாமல் சிபியுவிலேயே வரையும் மெசாவின் மென்பொருள் ரெண்டரரில் ஓட்டுவது. எல்லாம் மெதுவாகும்போது ஒளிந்திருந்த பந்தயப் பிழைகள் (ரேஸ் கண்டிஷன்) வெளியே வரும்.

மாற்றிய கேவினை நிறுவினேன், திரை கறுப்பு. இப்போது?

கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போய், டிஸ்ட்ரோவின் கேவின் பொதியைத் திரும்ப நிறுவுங்கள். அதுவும் வராவிட்டால் இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச். அதனால் எஸ்எஸ்ஹெச் சர்வரை முதலிலேயே ஓடவிட்டு வையுங்கள். இல்லையென்றால் பென்டிரைவ்தான் கதி.

என் கணினியில் வழவழப்பாக ஓடுகிறது. பயனர் விக்குகிறது என்கிறார். யாரை நம்புவது?

பயனரை. பெரும்பாலும் நடப்பது இது: சிபியு கட்டளைகளை அனுப்பி முடித்த நேரத்தை மட்டும் அளந்துவிட்டு "1 மில்லிவினாடிதான்" என்கிறோம். ஜிபியு அதை முடிக்க 14 எடுத்திருக்கும். ரெண்டர்லூப்பின் மதிப்பீட்டில் இந்த 14 சேராவிட்டால், மேலே பஸ் கதையில் சொன்ன மாதிரி தாமதமாகத் தொடங்கித் தவறவிடும்.

இன்னொன்று, ஜிபியு மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு ஃப்ரேம் தவறினால் நாம் அடுத்ததற்குக் காத்திருப்போம். அது "வேலை இல்லை போல" என்று இன்னும் மெதுவாகும். மூன்றாவது பஃபர் வைத்து, ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தொடங்கினால் ஜிபியு விழித்துக்கொள்ளும். இதுதான் ட்ரிப்பிள் பஃபரிங். பிளாஸ்மா 6.1-இல், 2024 ஜூனில் வந்தது. க்னோம் டெஸ்க்டாப்பின் கம்போசிட்டரான மட்டரில் பல வருட விவாதத்துக்குப் பின் 2025 மார்ச்சில் க்னோம் 48-இல் சேர்ந்தது. இது எளிய மாற்றம் போலத் தெரியும். ஆனால் "ஒரு நேரத்தில் ஒரு ஃப்ரேம்தான் பறக்கும்" என்று நிரலில் எத்தனை இடத்தில் சொல்லாமலே நம்பியிருக்கிறார்கள் என்று தேடினால்தான் தெரியும். எப்போதுமே மூன்று வைத்தால் தாமதம் கூடும். தேவைப்படும்போது மட்டும் மூன்றாவதற்குப் போவதுதான் வித்தை.

விளையாட்டு ஓடும்போது கம்போசிட்டிங்கை அணைத்துவிடலாமே?

எக்ஸ்11-இல் அணைக்கலாம், ஆல்ட்+ஷிஃப்ட்+எஃப்12 பலருக்குக் கைவந்த பழக்கம். வேலண்டில் அணைக்க எதுவுமில்லை, ஆனால் அதே பலன் கிடைக்கும்: முழுத்திரை விண்டோவின் பஃபரை வரையாமல் அப்படியே டிஸ்ப்ளேவுக்குக் கொடுத்துவிடலாம். டைரக்ட் ஸ்கேன்அவுட் என்பது இது. மேலே ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தால் அந்த ஃப்ரேமிலிருந்து வரைதலுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் அந்த ஒரு ஃப்ரேமில் பஃபர் ஏஜ் என்ன? கடிகாரக் கதையை இன்னொரு முறை படித்துவிட்டு யோசியுங்கள்.

எக்ஸ்11 நிரலை இன்னும் ஏன் சுமக்கிறார்கள்?

ஒரே வீட்டில் சுமப்பதை நிறுத்திவிட்டார்கள். 2025 ஜூனில் வந்த பிளாஸ்மா 6.4-இல் எக்ஸ்11 கேவினும் வேலண்ட் கேவினும் தனித்தனி நிரல்தொகுப்பாகப் பிரிந்தன. எக்ஸ்11 பக்கம் உடையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. புதியது எல்லாம் வேலண்ட் பக்கம். உங்கள் திருத்தத்தை எதற்கு அனுப்புகிறீர்கள் என்று பார்த்து அனுப்புங்கள்.

ஓர் இஃப் நிபந்தனையை எடுத்தேன். ஒன்றுமே ஆகவில்லை. எடுத்துவிடலாம்தானே?

நானும் அப்படி ஒன்றை எடுத்தேன். எக்ஸ்11 பகுதியில், பிக்ஸ்மேப்பை வாங்கியவுடன் விண்டோவின் அளவை எக்ஸ் சர்வரிடம் கேட்டு, நாம் வைத்திருக்கும் அளவோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் பிக்ஸ்மேப்பைத் தூக்கிப் போடும் ஒரு சோதனை. விண்டோவின் அளவுதான் நமக்கே தெரியுமே, எதற்குத் திரும்பக் கேட்பது என்று எடுத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. மகிழ்ச்சியாகப் பேட்ச் அனுப்பினேன்.

ரிவ்யூவில் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "மெதுவான கணினியில் விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தீர்களா?" மென்பொருள் ரெண்டரரில் ஓட்டி, ஒரு கனமான விண்டோவின் மூலையைப் பிடித்து வேகமாக இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் தெரிந்தது: உள்ளடக்கம் ஒரு கணம் ரப்பர் மாதிரி நீண்டு திரும்பியது. நாம் பிக்ஸ்மேப் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் அளவு மாறியிருந்தது. கிடைத்தது வேறு அளவின் பிக்ஸ்மேப், நாம் அதை நம் அளவுக்கு இழுத்துப் பொருத்தியிருக்கிறோம். கிட் ப்ளேமில் அந்த வரியைத் தேடினால் காரணம் கமிட் செய்தியிலேயே இருந்தது. இரண்டு நிமிட வேலை. நான் தேடவில்லை.

இப்போதெல்லாம் எதையாவது எடுப்பதற்கு முன் ப்ளேம் பார்ப்பேன், அந்தக் கமிட் சொல்லும் நிலைமையை வரவழைக்க முயல்வேன், அப்புறம் எடுப்பதை மட்டும் தனிக் கமிட்டாக வைப்பேன். பெயர் மாற்றுவது, கோப்பு நகர்த்துவது எதுவும் அதோடு சேராது. ஆறு மாதம் கழித்து யாராவது கிட் பைசெக்ட் ஓட்டி அந்தக் கமிட்டில் வந்து நின்றால், திருப்ப வேண்டியது நாலு வரியாக இருக்கும்.